செயின்சா பிடிக்க வருகிறவர்களுக்கு: முதலில் சாரத்தை அவிழ்த்து வையுங்கள்

ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30ஆம் தேதி. குலசேகரம், அருமனை, கடையால், பேச்சிப்பாறை என்று எங்கள் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கம் முழுக்க ரப்பரும் தென்னையும் அயனியும் வேரோடு சாய்ந்து ரோட்டில் கிடந்தன. அந்த வாரம் செயின்சா மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மரம்வெட்டி ஆனார்கள். நானும் ஆனேன். சாரத்தை, அதாவது லுங்கியை, முட்டுக்கு மேல் மடித்துக் கட்டி, தலையில் தோர்த்துத் துண்டைச் சுற்றி, ரப்பர் செருப்போடு இறங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம், ஒரு வீட்டு மதில்மேல் கிடந்த அயனிக் கொம்பை அறுத்து முடித்து, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மெஷினை இடதுபக்கமாகத் தாழ்த்தினேன். எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது, செயின் அடங்கவில்லை. சாரத்தின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. தொடையில் 14 தையல். கூட நின்ற மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "லேய் மக்கா, எஞ்சின் சத்தம் அடங்கியாச்சான்னு மட்டும் பாக்கப்பிடாது. செயின் நின்னாச்சான்னு பாக்கணும்."

அன்றைக்கு என் அதிர்ஷ்டம், சாரத் துணி சுருண்டு உள்ளே போய்ச் சிக்கியதால் செயின் நின்றது. ஓய்ந்துகொண்டிருந்த செயின் என்பதால் நின்றது. முழு ஓட்டத்தில் இருந்திருந்தால் அதற்குச் சாரமும் ஒன்றுதான், தொடையும் ஒன்றுதான். இந்தச் 'சிக்கி நிற்பது' என்ற சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறேன்.

இப்போது மெஷின் எல்லார் கையிலும் வந்துவிட்டது. வெள்ளறடையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு காலைப்பொழுதில் வாங்கி, மதியம் தோட்டத்தில் இறக்கிவிடலாம். சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை. கேரள எல்லையோரத் தோட்டங்களில் முதிர்ந்த ரப்பர் அறுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும், சொந்த விளையில் (தோப்பில்) நாலு மரம் இருக்கிறதே என்று மெஷின் வாங்கியவர்களுக்கும் எழுதுகிறேன்.

கணக்கு ஒன்று

முழு ஆக்சிலேட்டரில் செயின் விநாடிக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் ஓடும். ஏதோ தப்பாகிறது என்று கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய எப்படியும் கால் விநாடி ஆகும். அதற்குள் 5 மீட்டர் செயின் ஓடி முடிந்திருக்கும். செயின் சுற்றி ஓடும் நீட்டுத் தகடுதான் பார்; 16 அங்குல பாரில் இருக்கும் செயினின் நீளமே சுமார் 1 மீட்டர்தான். ஆகவே நீங்கள் 'ஐயோ' என்பதற்குள் அது ஐந்து சுற்றுச் சுற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் உங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

'நான் ஜாக்கிரதையாகப் பார்த்துப் பிடிப்பேன்' என்கிறவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். உங்கள் கையின் வேகத்தை நம்பி இந்த வேலைக்கு வரமுடியாது. நீங்கள் யோசிக்காமலேயே வேலை செய்கிற பொருட்களை முன்கூட்டியே உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், மெஷினில் சரிபார்த்திருக்க வேண்டும். தவறு நடந்தாலும் செயின் வந்து சேராத இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

காலிலிருந்து தொடங்குவோம்

எல்லாரும் ஹெல்மெட்டிலிருந்து தொடங்குவார்கள். மெஷின் அதிகம் வெட்டுவது காலை, குறிப்பாகத் தொடையையும் முழங்காலையும், அடுத்தது கை. அதனால் கையில் இருக்கும் காசை முதலில் காலுக்குச் செலவழியுங்கள்.

கால் கவசத்தை கடையில் 'சாப்ஸ்' என்று கேட்டால் தருவார்கள். பேன்ட்டுக்கு மேலே இடுப்பில் கட்டி, பின்பக்கம் பக்கிள் போட்டுக்கொள்வது. தொட்டுப் பார்த்தால் கனமான துணிபோலத்தான் இருக்கும். இதுவா செயினைத் தடுக்கும் என்று தோன்றும். அது தடுப்பதில்லை, சிக்கவைக்கிறது. உள்ளே பல அடுக்காக நீளநீள நார்கள் தளர்வாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்த மாத்திரத்தில் அந்த நார்கள் கொத்தாகப் பிடுங்கப்பட்டு, செயினோடு ஓடிப் போய், செயினைச் சுற்றும் பல்சக்கரத்தில் சுருண்டு அடைத்துவிடும். எஞ்சின் திணறி, செயின் நிற்கும். என் சாரம் தற்செயலாகச் செய்ததை இது திட்டமிட்டுச் செய்கிறது.

வாங்கும்போது மேலே ஒரு செயின்சா படமும், இஎன் 381 அல்லது ஐஎஸ்ஓ 11393 என்ற எண்ணும், வகுப்பு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு 0 என்றால் விநாடிக்கு 16 மீட்டர் வேகச் செயினில் சோதித்தது. வகுப்பு 1 என்றால் 20 மீட்டர், 2 என்றால் 24, 3 என்றால் 28. நம் பக்கத்து வேலைக்குக் குறைந்தது வகுப்பு 1 வேண்டும். படமும் எண்ணும் இல்லாமல், 'அதே குவாலிட்டி அண்ணே' என்று சொல்லித் தருவது சமையற்கட்டு ஏப்ரனுக்குச் சமம்.

சில விஷயங்களை யாரும் சொல்லமாட்டார்கள். ஒருமுறை வெட்டு வாங்கிய கவசத்தைத் தைத்துப் போடக்கூடாது. தையல் போட்டால் நார்கள் பிடிபட்டு வெளியே வராது; அப்புறம் அது வெறும் துணி. ஆயிலும் ரப்பர் பாலும் ஊறி விறைத்தாலும் இதே கதைதான். அதனால் கம்பெனி அட்டையில் சொன்னபடி மெதுவாகத் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். பேட்டரியிலும் கரண்டிலும் ஓடும் மெஷினுக்கு இந்தக் கவசத்தை முழுசாக நம்பமுடியாது. நார் சிக்கினாலும் மோட்டார் இழுவையை விடாது.

'இந்த வேக்காட்டில் இதை எவன் போடுவான்?' என்ற கேள்வி நியாயமானதுதான். மாசி, பங்குனியில் தோட்டத்துக்குள் காற்று அசையாது. நான் செய்வது, காலை 6 மணிக்கு இறங்கி பத்தரைக்கு மெஷினை அணைத்துவிடுவது. மீதிப் பொழுதுக்குக் கொம்பு ஒதுக்குவது, தடி அடுக்குவது, அரம் போடுவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் மட்டும் மறைக்கிற, பின்னால் திறந்திருக்கிற வகையை வாங்கினால் காற்றோட்டமும் கிடைக்கும். உப்பு போட்ட கஞ்சித்தண்ணி ஒரு தூக்குவாளி கூடவே இருக்கட்டும். களைத்துப்போன கைதான் மெஷினைத் தாழ்த்திப் பிடிக்கும்.

பாதத்துக்கு இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். ஐஎஸ் 15298 முத்திரை இருக்கட்டும். இந்த பூட்ஸ் தடி விழுந்தால் காக்கும். ஓடுகிற செயினுக்கு அல்ல. ஆனாலும் செருப்பைவிட நூறு மடங்கு மேல், முக்கியமாக மழை பெய்த படித்தட்டுகளில் வழுக்காது.

தலைக்கு ஐஎஸ் 2925 முத்திரையுள்ள ஹெல்மெட். பைக் ஹெல்மெட் வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு மேலே அண்ணாந்து பார்க்க முடியாது. இந்த வேலையில் மேலே பார்ப்பது பாதி வேலை. கம்பிவலை முகமூடியும் காதுமூடியும் சேர்ந்தே வருகிற ஹெல்மெட் கிடைக்கிறது, அதுவே சௌகரியம். வலை பெரிய சீவலைத்தான் தடுக்கும். தூள் உள்ளே வரும், ஆகவே கண்ணாடியும் போடுங்கள்.

காதைப் பற்றி: மெஷின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபெலில் தாங்குவது 15 நிமிடம்தான். எங்கள் ஊர்ப் பழைய மில் ஆட்களிடம் பேசிப் பாருங்கள், ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கும். பஞ்சு வைத்தால் போதும் என்பது பொய்.

கையுறை விரல்களோடு ஒட்டி இருக்கவேண்டும். தொளதொளவென்ற கொத்தனார் கையுறை ஆபத்து. சட்டை முழுக்கை, பித்தான் போட்டு, பேன்ட்டுக்குள் சொருகியது. கழுத்தில் தோர்த்து, கையில் சாமிக்கயிற்றின் தொங்கல், கழுத்துச் செயின், கொந்தை என்கிற ஜெபமாலை எதுவும் வெளியே தொங்கக்கூடாது. சாமி கோவித்துக்கொள்ளாது, உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

மெஷினைக் கையில் எடுத்தால்

முதல் மெஷினாக 58 சிசி, 22 அங்குல பார் வாங்காதீர்கள். பெரிசு வாங்கினால் பெரிய மரம் அறுக்கலாம் என்ற ஆசை புரிகிறது. நீளம் கூடக்கூட நுனி எங்கே இருக்கிறது என்பது உங்கள் கணக்கில் இருக்காது. 35 முதல் 45 சிசி, 14 அல்லது 16 அங்குலம் தாராளம். முதிர்ந்த ரப்பரின் அடிமரமே ஒரு அடி குறுக்களவுதான் வரும்.

காலையில் எஞ்சின் ஓடாதபோது நான் பார்ப்பவை இவை. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் கைத்தடுப்புதான் செயின் பிரேக். முன்னே தள்ளினால் 'டக்' என்று விழுந்து, செயினைக் கையால் இழுத்தாலும் நகராமல் பிடிக்கவேண்டும். பின்னே இழுத்தால் செயின் பாரின் அடியில் ஒட்டியபடியே கையால் இழுக்க ஓடவேண்டும். தொங்கினால் தளர்வு, நகர மறுத்தால் இறுக்கம். பாருக்குக் கீழே அடிப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். செயின் அறுந்தால் உங்கள் வலது கையில் சாட்டைபோல் அடிக்காமல் பிடிப்பது அதுதான். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் அது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. ஆக்சிலேட்டருக்கு மேலே உள்ளங்கையால் அமுக்கும் ஒரு பூட்டு உண்டு. அதை அமுக்காமல் ஆக்சிலேட்டர் அசையவே கூடாது. அதை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கும் மெஷினை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். கட்டினவரிடம் கேட்டால் 'கை வலிக்குது' என்பார்.

எஞ்சினைப் போட்டபின் இன்னொன்று. ஆக்சிலேட்டரைத் தொடாமல் வைத்திருக்கும்போது செயின் சுற்றக்கூடாது. சுற்றினால் கார்புரேட்டர் திருகைச் சரிசெய்யும்வரை வேலை கிடையாது.

எண்ணெய்க் கலவை, மெஷின் புத்தகத்தில் சொன்னபடி. 50க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில், 25க்கு 1 என்றால் 40 மில்லி. சூடான மெஷினில் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி பிடிக்கிறவர் இன்னும் தள்ளி. பாருக்கு, பைக்கில் இருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது நம் பழக்கம். அது தூவலாகப் பறந்து தோலிலும் மூச்சிலும் சேர்கிறது. கழிவு ஆயில் தோலுக்கு நல்லதல்ல.

மழுங்கிய செயினைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும், மழுங்கியதை நீங்கள் அழுத்துவீர்கள். அழுத்துகிற உடம்பு முன்னே சாய்ந்திருக்கும். வெட்டு முடிந்து பார் வெளியே வரும் நொடியில் மொத்த எடையும் மெஷினோடு காலை நோக்கி இறங்கும். அடையாளம் சுலபம்: சீவல் சீவலாக விழுந்தால் கூர், மாவுபோல் விழுந்தால் மழுங்கிவிட்டது. தென்னை அறுத்த நாளில் இரண்டு தடவைகூட அரம் போடவேண்டி வரும், தென்னந்தடியில் இருக்கும் சிலிக்கா பல்லைத் தின்றுவிடும். உருட்டு அரம் செயின் கண்ணிகளின் இடைவெளிக்குத் தக்கபடி: 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், சாதாரண 3/8க்கு 5.2, சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த (லோ புரோஃபைல்) 3/8க்கு 4.

பல்லின் கதை ஒன்று உண்டு. முற்காலச் செயின்களில் கைரம்பப் பற்களைத்தான் கோத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946இல், மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டுப் புழு தாடையை இடமும் வலமும் அசைத்துத் தின்பதை உற்றுப் பார்த்து, இடம் வலம் மாறிமாறி வரும் இன்றைய பல்லை வடிவமைத்தார். நம் தென்னையில் காண்டாமிருக வண்டைக் கண்டால் கம்பியால் குத்தத்தான் நமக்குத் தோன்றும்.

தூக்கி அடிப்பது

புதியவர்களைச் சாகடிக்கக்கூடிய சங்கதி இது. பார் நுனியின் மேல்பாதி, கடிகாரத்தில் 12இலிருந்து 3 வரை என்று வையுங்களேன், மரத்தையோ கொம்பையோ தொட்டால் செயின் கவ்வமுடியாமல் அதே விசையை மெஷினுக்கே திருப்பிக் கொடுக்கும். மெஷின் மேல்நோக்கிப் புரண்டு, பார் உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. மேலே சொன்ன கால்விநாடிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்.

இதற்கு மருந்து பிடியிலும் நிலையிலும் இருக்கிறது. இடது கை முன்கைப்பிடியில், கட்டைவிரல் அடியால் சுற்றிப் பிடித்திருக்கவேண்டும். நாலு விரலையும் மேலே வைத்துக் கட்டைவிரலையும் அதோடு சேர்த்துப் பிடிப்பது குரங்குப் பிடி. இடது முழங்கையை மடக்காமல் நீட்டியே வையுங்கள். மெஷின் புரண்டால் உங்கள் மணிக்கட்டு கைத்தடுப்பை இடித்து பிரேக்கை விழவைக்கும். இப்போதைய மெஷின்களில் அந்த உதறலுக்கே தானாகவும் விழும். இடக்கைக்காரர்களும் இதே பிடிதான், மாற்றக்கூடாது. உடம்பை பாரின் நேர்கோட்டில் வைக்காமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில்லுங்கள். அப்போது புரண்டுவந்தாலும் வலது தோளுக்கு வெளியே போகும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, ஒரு கையால் பிடித்து மறுகையால் கொம்பை இழுப்பது மூன்றும் கிடையவே கிடையாது. பலாமரத்தில் ஏறி ஒற்றைக்கையால் அறுத்துக் காட்டுகிற வித்தைக்காரர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துக் கற்காதீர்கள்.

ரப்பர் மரத்துக்கென்றே ஒரு பொறி உண்டு. பால் சிரட்டையைத் தாங்கக் கட்டிய கம்பி. இருபது வருஷத்தில் மரம் அந்தக் கம்பியைத் தின்று உள்ளே வைத்துக்கொள்ளும், வெளியே லேசான வளையத் தடிப்பு மட்டும் தெரியும். மழைக்கு பிளாஸ்டிக் கட்டிய ஆணியும் அப்படித்தான். துண்டு போடும்போது செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும், செயின் அறும், இல்லையென்றால் தூக்கி அடிக்கும். இடுப்பு உயரம்வரை மரத்தைக் கையால் தடவிப் பார்த்து, தடிப்புள்ள இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு, அங்கே அறுக்காமல் தள்ளி அறுங்கள்.

ஸ்டார்ட் செய்வது

தரையில் வையுங்கள். பிரேக் போட்டிருக்கட்டும். பின்கைப்பிடிக்குள் வலது பூட்ஸின் முனையை நுழைத்து மிதித்து, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். மெஷினைக் காற்றில் விட்டு மறுகையால் கயிற்றை இழுப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கும். நடக்கும்போது, இரண்டடி தூரமானாலும், பிரேக் போடுங்கள். எனக்கு 14 தையல் போட்டது பிரேக் போடாமல் மெஷினைத் தாழ்த்தியதுதான்.

முதல் மாதம் நிற்கிற மரம் வேண்டாம்

வேறொருவர் சாய்த்துப் போட்டதைத் துண்டு போட்டுப் பழகுங்கள். சரிவில் எப்போதும் மேட்டுப்பக்கம் நிற்பது, தடி உருளும். கொம்பு கழிக்கும்போது தடிமரம் உங்களுக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கட்டும்.

பிறகு சாய்க்கலாம், அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க. முதலில் மெஷினை அணைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வாருங்கள். எந்தப் பக்கம் சாய்வு, மேலே காய்ந்த கொம்பு தொங்குகிறதா, பக்கத்து மரத்தோடு கொம்பு பின்னியிருக்கிறதா, கரண்டுக் கம்பி எங்கே. வெட்டுகத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். முறிக்கும் முன் கடைசிப் பாலையும் எடுக்கக் கடும்வெட்டு வெட்டிய மரங்களில் பட்டை போன பக்கம் உளுத்துப்போயிருக்கும், பொக்கைச் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்த மரம் உங்களுக்கு இல்லை.

விழுகிற திசைக்கு நேர்பின்னே ஓடக்கூடாது; அடிமரம் பின்னே உதைக்கும். பின்பக்கம் வலமும் இடமும் சாய்கோணத்தில் இரண்டு விலகுவழிகளைச் செடி கொடி வெட்டித் துப்புரவாக்கி வையுங்கள். மற்ற ஆட்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில். 60 அடி மரத்துக்கு 120 அடி. சுமார் பதினாறு அடிக்கு ஒரு மூடு (மரம்) நட்ட தோட்டத்தில், ஏழெட்டு மரத்துக்கு அப்பால் என்று கணக்கு. ஒரே வரிசையில் இரண்டு மெஷின் போடுகிற காண்டிராக்ட் வேலைக்குப் போகாதீர்கள்.

விழவேண்டிய பக்கத்தில் வாய் வெட்டுவது முதல் வேலை. 12 அங்குலக் குறுக்களவுக்கு 3 அங்குல ஆழம் போதும். வாய் நன்றாகத் திறந்திருக்கட்டும், 70 டிகிரி வரை. பிறகு பின்வெட்டு. இங்கேதான் அவசரம் கெடுக்கும். பின்வெட்டு வாயைப் போய்த் தொடவே கூடாது. நடுவில், குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் அங்குலம், ஒரே தடிமனில் அறுக்காமல் விடவேண்டும். அந்தப் பட்டைதான் கதவுக் கீல். மரத்தைத் திசை மாறாமல் பிடித்துக்கொண்டே இறக்குவது அதுதான். அதை அறுத்துவிட்டால் அப்புறம் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். பார் உள்ளே போன உடனே பின்னால் பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ வைத்துவிடுங்கள்; இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் தெறிக்கும். மரம் அசையத் தொடங்கியதும் 'மாறிக்கோ!' என்று ஒரு குரல், பிரேக், விலகுவழி. நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். இப்போது பாதி ஆட்கள் வடக்கே இருந்து வந்தவர்கள். 'மாறிக்கோ' அவர்களுக்குப் புரிகிறதா என்று காலையிலேயே பாருங்கள், விசில் ஒன்று எல்லாருக்கும் புரியும்.

ரப்பர் தோட்டத்தில் அடிக்கடி நடப்பது, மரம் விழாமல் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்வது. மாட்டிய மரத்தின் கீழே போகாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை அறுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வரும். வடம் கட்டித் தூரத்திலிருந்து இழுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மில்லுக்கு லாரி காத்து நிற்கும், நாள் தள்ளினால் ரப்பர்த் தடியில் நீலக் கறை பாயும், விலை இறங்கும் என்று ஓனர் அவசரப்படுவார். அது உண்மைதான். ஆனாலும் மறியல் கயிறு அவிழவேண்டாம்.

காற்றில் விழுந்த மரம்

ஒக்கி போல ஒரு நாள் திரும்ப வரும். விழுந்துகிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்து என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அது வில்லாக வளைந்து, உள்ளே விசையை அடக்கிக்கொண்டு கிடக்கிறது. எந்தப் பக்கம் நெருங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்க்காமல் செயினை வைக்கக்கூடாது.

இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால், மேல்பக்கம் நெருக்கம், அடிப்பக்கம் இழுவை. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர்மாறு: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாற்றிச் செய்தால் பார் கவ்வப்படும், இல்லையென்றால் மரம் பிளந்து எகிறும். பக்கவாட்டில் வளைந்திருந்தால் வளைவின் உள்பக்கம் நில்லுங்கள், வெளிப்பக்கம்தான் தெறிக்கும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் தடியை அறுத்ததும், வேர்த்தட்டு மண்ணோடு சேர்ந்து பழையபடி நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் விளையாடப் போவார்கள். அறுக்கும் முன் குழியைப் பாருங்கள். முடிந்தால் ஜேசிபி வைத்து வேர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு அறுப்பது நல்லது.

கம்பிமேல் கிடக்கும் மரத்தை, கரண்ட் இல்லை என்று ஊரே சொன்னாலும், மின்வாரியத்து ஆள் வந்து துண்டித்ததைக் கண்ணால் பார்க்கும்வரை தொடாதீர்கள். யாரோ வீட்டு ஜெனரேட்டர்கூட எதிர்ப்பக்கமிருந்து கரண்ட் விடலாம்.

ரத்தம் வந்தால்

தனியாகப் போகாதீர்கள் என்பதன் காரணம் இதுதான். கோதையாற்றுப் பக்கம் மலைத்தோட்டங்களில் போனில் சிக்னல் இருக்காது. எந்த இடத்தில் நின்றால் 108க்கு லைன் கிடைக்கும், வண்டி எதுவரை வரும், தோட்டத்தை எப்படி அடையாளம் சொல்வது என்பதைக் காலையிலேயே பேசி வையுங்கள். குலசேகரத்தைத் தாண்டிய இடங்களிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.

காயத்தில் காப்பிப்பொடி, மஞ்சள், பெட்ரோல் எதுவும் போடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. கையோ காலோ பீச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், அகலமான பட்டையால் கட்டி ஒரு குச்சியைச் சொருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கம்பியோ சணல்கயிறோ ஆகாது, சதையை அறுக்கும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். அப்புறம் டாக்டர்தான் அவிழ்க்கவேண்டும். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். விரல்மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது. என்னுடைய மெஷின் பையில் அரத்தோடு ஒரு அகலப் பட்டையும் ஒரு மார்க்கரும் எப்போதும் கிடக்கும்.

கூலி பேசும்போது

காசுக் கணக்கை மரம் பார்க்கும்போதே பேசுங்கள், அறுக்கத் தொடங்கியபின் பேசமுடியாது. கூட நிற்கிற ஆளின் சம்பளம், வடம், ஆப்பு, வருஷத்துக்கு ஒரு கவசம் எல்லாவற்றையும் மரத்துக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலிக்குள் வைத்தே சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் ஓனர் அதைத்தான் முதலில் குறைப்பார். 'ஒரு மரத்துக்கு எதுக்கு ரெண்டு ஆளு?' என்று கேட்கிறவரிடம் நான் தொடையைக் காட்டுவதில்லை. எட்டிப் பார்க்க ஒரு ஆளும் அறுக்க ஒரு ஆளும் வேண்டும், அதுதான் ரேட் என்று சொல்வேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மெஷினை மறுபடி பைக்கில் கட்டுவேன்.